மாடு கழித்த அடித்தட்டை

மாடு சோளத்தட்டை தின்பதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறீர்களா, தம்பி தங்கைகளே? தோகையை முதலில் இழுத்துத் தின்னும். நுனித் தண்டையும் நறுக் நறுக்கென்று மென்றுவிடும். தடித்த அடித்தட்டை மட்டும் தொட்டியிலேயே கிடக்கும். அதில் ஒன்றை எடுத்து ஒடித்துப் பாருங்கள், கை வலிக்கும். முளைத்துப் பத்து நாளான சோள நாற்றோ விரல் பட்டாலே வளையும். அந்த நாற்றுதானே இந்தத் தட்டையாக வளர்ந்தது? நடுவில் அதற்குள் என்ன சேர்ந்தது?

சேர்ந்த பொருளின் பெயர் லிக்னின். வீடு கட்டும்போது கம்பி கட்டி, அதைச் சுற்றிக் கான்கிரீட் கொட்டுவார்கள் இல்லையா? செடியின் செல் சுவரில் செல்லுலோஸ் இழைகள்தாம் கம்பி. அவற்றின் இடையே நிறைந்து இறுகுவது லிக்னின். வேரிலிருந்து நீர் ஏறும் நுண்குழாய்கள் நசுங்காமல் இருப்பதும், ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்த சோளம் கதிரைச் சுமந்துகொண்டு நிற்பதும் இதனால்தான்.

லிக்னினைச் செடியே செய்துகொள்கிறது. ஃபினைல்அலனின் என்ற அமினோ அமிலத்தில் வேலை தொடங்குகிறது. கொலு பொம்மை செய்யும் வீட்டில் ஒருவர் மண் பிசைவார், ஒருவர் அச்சில் வார்ப்பார், ஒருவர் சுடுவார், ஒருவர் வண்ணம் தீட்டுவார். அப்படித்தான் இங்கும். ஒவ்வொரு வேலைக்கும் ஒரு நொதி உண்டு. பிஏஎல் என்ற நொதி முதலில் அமோனியாவைக் கழற்றிவிடும். நடுவில் சிஓஎம்டி என்ற நொதி மெத்தில் என்னும் சிறு துண்டை ஒட்டும். கடைசி வேலை சிஏடி என்ற நொதிக்கு. அது முடித்துக் கொடுத்த துண்டுகள் செல் சுவருக்குப் போய், அங்கே ஒன்றோடொன்று பிணைந்து லிக்னின் ஆகின்றன.

இந்த நொதிகளை எப்படிச் செய்வது என்று செடிக்கு யார் சொல்லித்தருகிறார்கள்? மரபணுக்கள்தாம். நான்கே எழுத்துகளால் எழுதிய செய்முறைக் குறிப்பு என்று மரபணுவை நினைத்துக்கொள்ளுங்கள். அதில் ஓர் எழுத்து பிசகினால் என்ன ஆகும்?

1924-இல் அமெரிக்காவின் மினசோட்டாவில் விசித்திரமான மக்காச்சோளச் செடிகள் கண்ணில் பட்டன. இலையின் நடுநரம்பு வெளிறிய நிறத்தில் இல்லாமல் பழுப்பாக இருந்தது. பிறகு பர்டியூ பல்கலைக்கழக விஞ்ஞானிகள் நம்மூரில் விளையும் அதே சோளத்தின் விதைகளை ஒரு வேதிப்பொருளில் ஊறவைத்து, அதிலும் பழுப்பு நரம்புச் செடிகளை உண்டாக்கினார்கள். 1978-இல் அதை வெளியிட்டார்கள். அவற்றுள் ஒன்றின் கோளாறு எந்த மரபணுவில் என்பது 2009-இல் தெரிந்தது. சிஏடி நொதிக்கான குறிப்பில் ஒரே ஓர் எழுத்து மாறி, ‘இத்துடன் நிறுத்து’ என்று ஆகிவிட்டிருந்தது! நொதி பாதியிலேயே நின்றது. கடைசி வேலை முடியாத துண்டுகள் அப்படியே சுவரில் போய்ச் சேர்ந்தன. நாம் காணும் பழுப்பு அவற்றின் நிறம்தான்.

இந்தச் செடிகளில் லிக்னின் குறைவு. அதனால் மாட்டுக்குக் கொண்டாட்டம். மாட்டின் வயிற்றில் முதல் அறையில் கோடானுகோடி நுண்ணுயிர்கள் இருக்கின்றன. அவை செல்லுலோஸைச் செரித்து மாட்டுக்குச் சத்தாக்கித் தரும். ஆனால் காற்றுப் புகாத அந்த இடத்தில் லிக்னினை அவற்றால் உடைக்க முடியாது. அது செல்லுலோஸை மறைத்துக்கொண்டு நிற்கும். காய்ந்த சாணியைப் பிட்டுப் பார்த்தால் நார் நாராக இருக்கிறதே, அது இப்படிச் செரிக்காமல் வந்த மிச்சம். லிக்னின் குறைந்தால் தீவனம் நன்றாகச் செரிக்கும், மாடு கூடுதலாகத் தின்னும், பாலும் கூடும்.

அப்படியானால் எல்லாச் செடியிலும் லிக்னினைக் குறைத்துவிடலாமே என்று கேட்பீர்கள். காற்றோடு மழை அடிக்கும் ஒரு நாளை நினைத்துப் பாருங்கள். லிக்னின் மிகவும் குறைந்த பயிர் சாய்ந்துவிடக்கூடும், விளைச்சலும் குறையலாம். அதனால்தான் பயிர் விஞ்ஞானிகள் பழுப்பு நரம்புச் சோளத்தை உறுதியான தண்டுள்ள ரகங்களோடு ஒட்டுச் சேர்க்கிறார்கள். மாட்டுக்கு மெல்லவும் வர வேண்டும், காற்றில் நிற்கவும் வேண்டும். அந்த அளவைப் பிடிப்பதுதான் கடினம்.

அடுத்த முறை தொட்டியைக் கழுவும்போது, மாடு கழித்த அந்த அடித்தட்டையைக் கொஞ்சம் கையில் வைத்துப் பாருங்கள். மாடு விரும்பித் தின்ற தோகையையும் நாம் அறுத்தெடுத்த கதிரையும் அத்தனை நாளும் தூக்கிப் பிடித்திருந்தது அதுதான்.