விளக்கில் அழகு ஆமை! வெளிச்சத்தால் சாகும் ஆமைக் குஞ்சு!

சென்னை:
வட்டமான பித்தளை விளக்கு. தகட்டில் ஆமை, நண்டு, சங்கு, தாழை மடல், அடும்பங்கொடி. உள்ளே பல்பைப் போட்டால் போதும், சுவரெல்லாம் ஆமை நீந்தும்! “அட, ஜோரா இருக்கே!” என்று நின்று பார்க்காதவர் உண்டா?

எல்லாம் கைவேலை. காகிதத்தில் படம் வரைந்து தகட்டில் ஒட்டுகிறார்கள். துளை போட்டு, அதில் மெல்லிய ரம்பத்தை நுழைத்துக் கோடு பிசகாமல் அறுக்கிறார்கள். பிசிறை அரத்தால் தேய்த்து, தகட்டை உருட்டிப் பற்றவைத்தால் கூண்டு தயார்.

கடற்கரை வீட்டுக்கு இரும்புத் தகடு லாயக்கில்லை. உப்புக் காற்றில் சீக்கிரம் துருவேறிவிடும். பித்தளைக்குக் களிம்புதான் பிடிக்கும். புளி போட்டுத் தேய்த்தால் பளபளக்கும்.

நிஜ ஆமையின் கதி

தகட்டு ஆமைக்கு இந்தக் கவனிப்பு. மணலில் பிறக்கும் ஆமைக்கோ அதே வெளிச்சம்தான் எமன்!

சென்னைக் கரைக்கு முட்டையிட வருவது பங்குனி ஆமை. ஜனவரி முதல் மார்ச் வரை ராத்திரி நேரத்தில் கரையேறி, மணலில் குழி பறித்து 100 முட்டைக்கு மேல் இட்டு மூடிவிட்டுக் கடலுக்குத் திரும்பிவிடும். 45 முதல் 60 நாளில் குஞ்சு வெளிவரும். வழிகாட்டத் தாய் கிடையாது. எந்தப் பக்கம் வெளிச்சமோ, அந்தப் பக்கம் ஓடும். இருட்டில் நிலாவும் நட்சத்திரமும் பட்டு மினுங்குவது கடல்தான் என்பதே அதற்குத் தெரிந்த கணக்கு.

தெருவிளக்கும் வீட்டு விளக்கும் அந்தக் கணக்கைக் கெடுக்கின்றன. குஞ்சு ரோட்டுக்கு ஓடுகிறது. வண்டியில் நசுங்குகிறது, நாய்க்கும் காக்கைக்கும் இரையாகிறது, வெயிலில் காய்ந்து சாகிறது.

ராத்திரி காவல்

நீலாங்கரை முதல் பெசன்ட் நகர் வரை ராத்திரியில் நடந்து, முட்டைகளைத் தேடி எடுத்துக் காப்பகத்தில் புதைக்கும் வேலையை மாணவர் கடல் ஆமைப் பாதுகாப்பு அமைப்பு 1988 முதல் செய்து வருகிறது. வனத்துறையும் காப்பகம் நடத்துகிறது. அவர்கள் கண்ணில் படாத குழியிலிருந்து வரும் குஞ்சுக்கு யார் துணை?

செய்ய வேண்டியது என்ன?

“விளக்கே வேண்டாம்னா இருட்டுல எப்படி இருக்கிறது?” என்று கேட்கலாம். விளக்கு வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. வழி அந்தத் தகட்டிலேயே இருக்கிறது!

கடலைப் பார்க்கும் பக்கத்தில் தகட்டை வெட்டாமல் மொத்தமாக விட்டுவிடச் சொல்லலாம். வீட்டுப் பக்கம் மட்டும் ஆமையும் நண்டும் இருக்கட்டும். மேல்மூடி இட்டு, வெளிச்சம் தரையில் விழும்படி தாழ்வாக மாட்டலாம். வெள்ளைப் பல்புக்குப் பதில் மங்கலான செம்மஞ்சள் பல்பு போடலாம். ஆமையை அது அவ்வளவாக இழுக்காது. ஜனவரியிலிருந்து மே வரை, படுக்கப் போகும்போது மறக்காமல் சுவிட்சை அணைத்துவிட வேண்டும்.

செலவு ஒன்றும் பெரிதில்லை. ஆயிரம் குஞ்சில் ஒன்றுதான் வளர்ந்து பெரிதாகும் என்பது ஆய்வாளர்கள் கணிப்பு. அந்த ஒன்று, உங்கள் வீட்டு விளக்கைப் பார்த்து ஓடி வந்ததாக இருக்கக் கூடாது!