ஒரு மரத்துக்குப் பத்து கன்று: கணக்கு சரியா?

போன எபிசோடுக்கு வந்த கேள்விகள்ல ஒண்ணு: "ஒரு மரத்தை வெட்டினா பத்து கன்று வைக்கிறாங்களே, அப்புறம் என்ன பிரச்சினை?" நியாயமான கேள்விதான். சாலை விரிவாக்கத்துக்கு மரம் வெட்டும்போது நம்ம ஊர்ல வழக்கமா போடுற நிபந்தனையும் இதுதான். கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

எங்க வீடு மேடவாக்கம் பக்கம். பின்னாடி காலி மனையில ஒரு புங்கமரம் இருந்துச்சு. நெஞ்சு உயரத்துல டேப் வச்சு அளந்தேன், சுற்றளவு 180 செ.மீ. அங்கே அடுக்குமாடி வந்தப்போ மரத்தை வெட்டிட்டு, சொன்னபடியே பத்து கன்று வச்சாங்க. ஒவ்வொண்ணும் 6 செ.மீ.

முப்பது மடங்குதானே வித்தியாசம்னு தோணும். ஆனால் தண்டின் குறுக்குவெட்டுப் பரப்பு சுற்றளவின் வர்க்கத்தைப் பொறுத்து மாறும். 30-ஐ 30-ஆல் பெருக்கினால் 900. அப்படின்னா அந்தப் பத்து கன்றும் சேர்ந்து பழைய மரத்துல தொண்ணூறுல ஒரு பங்குதான். இலைப்பரப்பும் ஏறத்தாழ இந்தக் கணக்குலதான் போகும். எங்க பாஷையில சொன்னா, மெட்ரிக்கே தப்பு. தொலைஞ்சது நிழல், நாம எண்ணுறது கன்று.

அதுக்காக 900 கன்று வைக்கவும் இடம் கிடையாது. அதனால முதல் வேலை, இருக்கிற மரத்தைக் காப்பாத்துறது. தமிழ்நாட்டு விதிப்படி, 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவுல, சாலை போக 10% நிலத்தைத் திறந்தவெளியா ஒதுக்கணும். வரைபடம் போடும்போதே பெரிய மரங்கள் நிற்கிற மூலையை அதுக்குக் கொடுத்துடலாம். கிளை பரவின அளவுக்குக் கீழே தோண்டாம, மண் கொட்டி மேடாக்காம விட்டாலே வேர் பிழைக்கும்.

வெட்டியே ஆகணும்னா, கன்றைச் சுத்தி ஒரு மீட்டராவது சிமென்ட் பூசாதீங்க. ரெண்டு மூணு கோடைக்குத் தண்ணி ஊத்த ஒரு ஆளை நியமிங்க. நட்ட அன்னிக்கு எடுத்த போட்டோவை விட்டுட்டு, மூணு வருஷம் கழிச்சு எத்தனை நிக்குதுன்னு எண்ணுங்க.

எங்க பத்துல ஏழு முதல் கோடையிலேயே காஞ்சு போச்சு. மிச்சம் மூணும் கீழ் வீட்டுப் பாட்டி அரிசி கழுவின தண்ணி ஊத்திக் காப்பாத்தினது.

உங்க தெரு மரத்தை இந்த வாரமே அளந்து, போட்டோவோட குறிச்சு வையுங்க. வெட்டின பிறகு அளக்க எதுவும் இருக்காது. அடுத்த எபிசோடுல சந்திப்போம்.