உங்களுக்குத் தெரியுமா? – பைக்கும் பத்தாம் நம்பர் ஸ்பேனரும்

● மெக்கானிக் கேட்கும் 'பத்தாம் நம்பர் ஸ்பேனர்', போல்ட்டின் தடிமனைக் குறிப்பதல்ல. போல்ட் தலையின் எதிரெதிர்ப் பக்கங்களுக்கு இடையே உள்ள அகலம்தான் அந்த 10 மி.மீ. அதன் மரைப் பகுதி பெரும்பாலும் 6 மி.மீ. தடிமன்தான் இருக்கும்.

● 8 மி.மீ. மரை போல்ட்டுக்கு ஜப்பானியத் தரத்தில் 12-ஆம் நம்பர் ஸ்பேனர். ஐரோப்பியத் தரத்தில் 13. அதனால் உங்கள் பைக்கில் எது இருக்கிறது என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். 12-க்கு 13-ஐப் போட்டுத் திருகினால் தலை மழுங்கிவிடும்.

● வாய் திறந்த ஸ்பேனர் போல்ட்டின் இரண்டு பக்கங்களை மட்டுமே பிடிக்கும். ரிங் ஸ்பேனரும் பாக்ஸ் ஸ்பேனரும் சுற்றிலும் பிடிக்கும். இறுகிய போல்ட்டை முதலில் ரிங்கால் தளர்த்திவிட்டு, பிறகு வாய் ஸ்பேனரால் கழற்றலாம்.

● எல்லா அளவுக்கும் பொருந்தும் ஸ்க்ரூ ஸ்பேனருக்கு ஸ்வீடனின் யோஹான் பெட்டர் யோஹான்சன் 1892-ல் காப்புரிமை பெற்றார். அவசரத்துக்கு உதவும். ஆனால் தாடை கொஞ்சம் தளர்ந்தாலும் போல்ட் தலையைக் கடித்துவிடும்.

● எல்லா 'ஸ்டார்' ஸ்க்ரூவும் ஒன்றல்ல. ஜப்பானிய பைக்குகளில் வரும் ஜே.ஐ.எஸ். வகை ஸ்க்ரூவின் தலையில் பெரும்பாலும் சின்னப் புள்ளி ஒன்று இருக்கும். அதில் சாதாரண பிலிப்ஸ் ஸ்க்ரூ டிரைவர் ஆழமாக உட்காராமல் வழுக்கும்.

● டபிள்யூ.டி.-40 என்ற பெயரிலுள்ள 40, நாற்பதாவது தயாரிப்பு முயற்சி என்பதைக் குறிக்கிறது. 1953-ல் அமெரிக்காவில், அட்லஸ் ஏவுகணையைத் துரு பிடிக்காமல் காக்க உருவானது. இறுகிய நட்டைத் தளர்த்த நல்லது. ஆனால் செயின் லூப்ரிகன்டுக்கு அது மாற்று ஆகாது.

● ஸ்பார்க் பிளக்கை இன்ஜின் சூடாக இருக்கும்போது கழற்றாதீர்கள். அலுமினிய ஹெட்டின் மரை பழுதாகலாம். மாட்டும்போது முதல் சில சுற்றுகளைக் கையாலேயே திருக வேண்டும். கைக்கே இறுகினால் மரை கோணலாகப் போகிறது என்று பொருள்.

● ஆயில் டிரெயின் போல்ட்டை 'நல்லா முறுக்கி' வைப்பதுதான் மரை தேய்வதற்கு முக்கியக் காரணம். எவ்வளவு இறுக்க வேண்டும் என்பது சர்வீஸ் புத்தகத்தில் இருக்கும். அதை அளந்து இறுக்குவது டார்க் ரென்ச். வேலை முடிந்ததும் அதன் அளவை மிகக் குறைந்த எண்ணுக்குத் திருப்பி வைத்தால் உள்ளே உள்ள ஸ்பிரிங் தளராது.

● சில யமஹா பைக்குகளின் வலப்பக்கக் கண்ணாடிக்கு 'ரிவர்ஸ் திரெட்'. வழக்கம்போல் இடப்பக்கம் திருப்பினால் கழலாது, இன்னும் இறுகும்.

● டயர் காற்றைக் காலையில், வண்டியை எடுப்பதற்கு முன் அளக்க வேண்டும். ஓடிச் சூடான டயரில் அழுத்தம் கூடுதலாகக் காட்டும். கையடக்கப் பிரஷர் கேஜ் ஒன்று வீட்டில் இருந்தால் இது ஒரு நிமிட வேலை.

● நூறு உருப்படி கொண்ட டூல் பெட்டி வாங்கும் முன் பைக்கின் சைடு கவரைத் திறந்து பாருங்கள். கம்பெனி கொடுத்த சின்ன டூல் கிட் அங்கே இருக்கலாம். அதில் இல்லாததை மட்டும் வாங்குங்கள். பிரேக் வேலையில் சந்தேகம் வந்தால் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு மெக்கானிக்கிடம் போங்கள்.