குச்சிக்கிழங்கு இலையும் படைவீரரின் மாற்றுமருந்தும்

கொல்லிமலையில் சாமையும் தினையும் விளைந்த நிலங்கள் பலவற்றில் இன்று குச்சிக்கிழங்குதான் நிற்கிறது. சேகோ ஆலைகள் அதை வாங்கிக்கொள்கின்றன. ஆனால் அதன் பச்சை இலையை வயிறார மேய்ந்த ஆடு துடிதுடித்துச் செத்துவிடுவதுண்டு. ஏன்?

இலைக்குள் லினமாரின் என்ற சேர்மமும் அதை உடைக்கும் நொதியும் தனித்தனியே இருக்கின்றன. மென்றதும் இரண்டும் கலந்து ஹைட்ரஜன் சயனைடு பிறக்கிறது. 1916இல் பிரெஞ்சுப் படை பீரங்கிக் குண்டுகளில் அடைத்த அதே நஞ்சு! காற்றைவிட லேசானதால் திறந்தவெளியில் அது கலைந்துபோனது. மூடிய இடத்திலோ நிமிடங்களில் கொல்லும்.

எப்படி? செல்லுக்குள் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் நொதியின் இரும்பைச் சயனைடு பற்றிக்கொள்கிறது. ரத்தத்தில் ஆக்சிஜன் இருந்தும் செல் மூச்சுத்திணறுகிறது.

இந்த நஞ்சுக்கு மாற்றுமருந்துகள் உண்டு. சோடியம் நைட்ரைட் ஹீமோகுளோபினில் ஒரு பகுதியை மாற்றி, சயனைடை அதன் பக்கம் இழுக்கிறது. சோடியம் தயோசல்பேட் தரும் கந்தகத்தால் நஞ்சு தயோசயனேட்டாகிச் சிறுநீரில் வெளியேறுகிறது. கால்நடை மருத்துவர் ஆட்டுக்குப் போடுவதும் இந்த இரண்டைத்தான். ஆனால் நைட்ரைட் ரத்த அழுத்தத்தைக் குறைக்கும். ரத்தம் ஆக்சிஜன் சுமக்கும் திறனையும் குறைக்கும். போர்க்களத்தில் புகையில் சிக்கிய, ரத்தம் இழந்த வீரருக்கு இது பேராபத்து. அதனால்தான் இந்தியப் பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பான டி.ஆர்.டி.ஓ.வின் குவாலியர் ஆய்வகம் டி.ஆர்.டி.இ., நம் உடலே தயாரிக்கும் ஆல்ஃபா கீட்டோகுளுட்டரேட்டை மாற்றுமருந்தாக ஆராய்ந்தது. அது சயனைடுடன் நேரடியாக இணைகிறது, ஹீமோகுளோபினைத் தொடுவதில்லை. என் பார்வையில் மதிக்கத்தக்க ஆய்வு இது.

ஆட்டுக்குப் பச்சை இலை வேண்டாம். கிழங்கிலும் இதே ஆபத்து உண்டு; அதனால் அதைத் தோல் சீவி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள்.