கரும்பின் கணக்கைக் குலைக்கும் பருவநிலை

ஜாலான் புசாரின் வடக்கு முனையில் குறுக்கிடும் லவண்டர் ஸ்திரீட், சிராங்கூன் சாலையைத் தாண்டியதும் பாலஸ்டியர் சாலையாகிறது. சிங்கப்பூரின் முதல் அமெரிக்கத் துணைத்தூதர் (கான்சல்) ஜோசஃப் பாலஸ்டியர் 1830களில் அப்பகுதியில் கரும்புத் தோட்டம் போட்டவர். அந்தத் தோட்டம் நிலைக்கவில்லை. அக்காலத்தில் தமிழர்கள் பலர் வேலைக்கு வந்த பினாங்கை ஒட்டிய செபராங் பிறை கரும்புத் தோட்டங்களும் பின்னர் ரப்பருக்கு மாறின. இன்று சிங்கப்பூருக்குச் சீனி முழுவதும் வெளிநாடுகளிலிருந்தே வருகிறது. அதனால், வேறு நாட்டு வயல்களில் மழை பொய்த்தால் இங்குள்ள கோப்பிக் கடைக்கும் அதன் பாதிப்பு வந்து சேரும்.

கரும்பு 10 முதல் 12 மாதப் பயிர். தூர் கட்டி உயரும் மாதங்களில் அதற்கு வெப்பமும் நிறைய தண்ணீரும் வேண்டும். முதிரும்போது நேர்மாறாக, வறண்ட, சற்றே குளிர்ந்த வானிலை தேவை. அப்போதுதான் தண்டில் இனிப்பு சேரும். இந்தக் கணக்கைத்தான் பருவநிலை மாற்றம் குலைக்கிறது. தொடக்கத்தில் மழை தவறினால் தூர்கள் குறையும், இளங்குருத்துப்புழுவும் பெருகும். அறுவடை நேரத்தில் மழை கொட்டினால் சர்க்கரைச் சத்து குறையும். பலத்த காற்றில் பயிர் சாய்ந்துவிடும்.

தாய்லாந்தில் 2018-19 பருவத்தில் சுமார் 13 கோடி டன் கரும்பு அரைக்கப்பட்டது. வறட்சி தாக்கிய அடுத்த பருவத்தில் அது சுமார் 7.5 கோடி டன்னாகச் சரிந்தது. இந்தியாவில் 1901க்குப் பிறகு ஆக வறண்ட ஆகஸ்டு மாதம் 2023ல் பதிவானது. உள்நாட்டுத் தேவைக்காக இந்தியா சீனி ஏற்றுமதியைக் கட்டுப்படுத்த, அவ்வாண்டு உலகச் சந்தை விலை 12 ஆண்டுகளில் காணாத உச்சத்தைத் தொட்டது. இவற்றுக்கு எல் நினோ போன்ற இயற்கைக் காரணங்களும் உண்டு. ஆனால், புவி வெப்பமடைவதால் வறட்சியின் கடுமை கூடுகிறது.

ஆக அதிகம் அடிபடுபவர் விவசாயி. நெல் பொய்த்தால் சில மாதங்களில் மறுபடி விதைக்கலாம். கரும்பு பொய்த்தால் ஓராண்டு வருமானமே போய்விடும். கரும்புத் தண்டுதான் விதை என்பதால் அடுத்த நடவுக்கும் கரணை கிடைக்காது.

வழிகள் இல்லாமல் இல்லை. சொட்டுநீர்ப் பாசனம் தண்ணீரை மிச்சப்படுத்தும். தோகையை எரிக்காமல் நிலத்தில் பரப்பினால் ஈரம் காக்கும். 1912ல் தொடங்கப்பட்ட கோயம்புத்தூர் கரும்பு இனப்பெருக்க நிலையம், வறட்சியைத் தாங்கும் ரகங்களை உருவாக்கி வருகிறது. ஆனால் புது ரகம் ஒன்று வயலுக்கு வரப் பத்தாண்டுக்கு மேல் ஆகும். வானிலை அதுவரை காத்திருக்காது என்பதே விவசாயிகளின் கவலை.