128 எண்களில் ஒரு மணியோசை

பாடப்புத்தகத்தைவிடச் சிறிய பெட்டி, ஆறு பென்சில் பேட்டரியில் ஓடும். கோர்க் நிறுவனம் 2016இல் கொண்டுவந்த வோல்கா எஃப்எம் சிந்தசைசர் இது. விலையும் குறைவு. ஆனால் இதில் ஒரு மணியோசையைப் புதிதாக உருவாக்க உட்கார்ந்தால் பொறுமை போய்விடும். ஓர் ஒலிக்கு 145 அமைப்புகள். குட்டித் திரையில் ஒவ்வொன்றாகத் தேடிப்பிடித்துத் திருத்த வேண்டும். டெக்ஸெட் என்ற இலவச மென்பொருளைக் கணினியில் திறந்தால் அத்தனையும் கண்ணெதிரே விரிகின்றன. மவுஸால் திருகி, கேட்டுப் பார்த்து, பிடித்ததை, இசைக்கருவிகளும் கணினியும் பேசிக்கொள்ளும் மிடி கேபிள் வழியே பெட்டிக்குள் ஏற்றிவிடலாம்.

வசதிக்காகத்தான் நானும் இதில் இறங்கினேன். அந்தக் கேபிளில் என்ன போகிறது என்று தெரிந்துகொண்ட பிறகு வியப்பு அடங்கவில்லை. அதில் ஒலியே போவதில்லை. போவது ஒலியின் செய்முறை.

இந்தச் செய்முறைக்கு அடிப்படையான எஃப்எம் முறை பிறந்த கதை 1967இல் தொடங்குகிறது. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஜான் சௌனிங் என்ற இசையமைப்பாளர், கணினியில் சுரத்தை அசைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். வீணைத் தந்தியை இழுத்து அசைக்கும் கமகத்தை நினைத்துக்கொள்ளுங்கள். வினாடிக்கு ஐந்தாறு அசைவு என்றால் காது அதை அசைவாகவே கேட்கும். அதையே வினாடிக்கு நூறு, இருநூறு என்று விரைவாக்கினால் அசைவு மறைந்துபோய், அந்த இடத்தில் புதியதொரு நாதம் எழுகிறது. வெறும் இரண்டு எளிய அலைகள். ஒன்று மற்றொன்றை உலுக்குகிறது. உலுக்கும் வேகத்தையும் வலுவையும் மாற்றமாற்ற மணி, வெண்கலம், மரக்கட்டை என்று குணம் மாறுகிறது. யமஹா இதற்கு உரிமம் பெற்று, 1983இல் டிஎக்ஸ்7 என்ற கருவியாக்கியது. அதில் ஆறு அலைகள், அவற்றை இணைக்க 32 வழிகள். வோல்கா பின்பற்றுவதும் அதே அமைப்பைத்தான்.

இனி கணக்குக்கு வருவோம். ஓர் அலைக்கு 17 எண்கள் வீதம் ஆறுக்கு 102. பொது அமைப்புகளுக்கு 16, பெயர் எழுத 10. 145 அமைப்புகளில் சிறியவை சில ஒரே எண்ணைப் பகிர்ந்துகொள்வதால், ஆக 128 எண்களுக்குள் ஓர் ஒலி அடங்கிவிடுகிறது. சாதாரணத் தரத்தில் மூன்று நிமிட எம்பி3 பாடல் பிடிக்கும் இடத்தில் இப்படி இருபதாயிரம் ஒலிகளை அடுக்கலாம்!

மென்பொருள் 32 ஒலிகளை ஒரே மூட்டையாகக் கட்டி அனுப்புகிறது. தொடக்கத்தில் 240 என்ற எண், அடுத்து 67. பின்னது யமஹாவின் அடையாளம். கோர்க் செய்த பெட்டி அதற்குச் செவிசாய்க்கிறது என்பது எனக்கு இன்றும் அழகாகப்படுகிறது. பிறகு 4,096 எண்கள். அவற்றின் பின்னால் ஒரு சரிபார்ப்பு எண்: அதையும் சேர்த்துக் கூட்டினால் தொகை 128ஆல் மீதியின்றி வகுபட வேண்டும். மளிகைச் சீட்டின் அடியில் தொகையைக் கூட்டிப் பார்ப்பதுபோல, வழியில் ஓர் எண் பிசகினாலும் காட்டிக்கொடுத்துவிடும். கடைசியில் 247, முற்றுப்புள்ளி. மிடியின் வேகத்தில் எல்லாம் போய்ச்சேர 1.3 வினாடி.

ஏற்றுமுன் ஒன்றைக் கவனியுங்கள். புது மூட்டை வந்தால் பெட்டியில் இருந்த 32 ஒலிகளும் அழியும். முதல் வோல்கா எஃப்எம்மில் மிடி உள்ளே வரும் துளை மட்டுமே உண்டு. போனதை மிடி வழியே திரும்ப எடுக்க முடியாது. ஆகவே உருவாக்கிய ஒலியைக் கணினியில் சேமித்த பிறகே அனுப்ப வேண்டும். இன்னொரு குறையும் உண்டு. டிஎக்ஸ்7 ஒரே நேரத்தில் 16 சுரம் பாடும், இந்த வோல்காவால் மூன்றுதான் முடியும். நான்காவது கட்டையை அழுத்தினால் முந்தையதில் ஒன்று அடங்கிவிடும்.

ஆனாலும் எண்பதுகளில் யாரோ ஒருவர் டிஎக்ஸ்7இல் இரவெல்லாம் திருத்தி உருவாக்கிய ஒலி, எண்ணில் ஒன்றும் தேயாமல் இந்தப் பெட்டிக்குள் வந்து உட்காருகிறது. அவர் அதற்கு இட்ட பெயரும், பத்து எழுத்துக்குள் சுருங்கி, கூடவே வருகிறது.