எந்த ஈயம்?

கல்யாணச் சீர்வரிசையில் ஈயச் சொம்பு வைக்கும் வழக்கம் நம் ஊரில் பல வீடுகளில் இன்னும் இருக்கிறது. கும்பகோணத்தில் கையால் தட்டிச் செய்யும் அந்தச் சொம்பில் வைத்தால்தான் ரசம் மணக்கும் என்று சொல்லாத பாட்டி இல்லை. தண்ணீர் ஊற்றாமல் அடுப்பில் ஏற்றினால் உருகி வழிந்துவிடும் என்ற எச்சரிக்கையோடுதான் அது மாமியார் கையிலிருந்து மருமகள் கைக்குப் போகும். அதோடு சேர்ந்து போக வேண்டிய ஒரு கேள்வி மட்டும் நடுவில் எங்கோ நின்றுவிட்டது. இது எந்த ஈயம்?

ஈயம் என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு உலோகங்கள் இருக்கின்றன. வெள்ளீயம் என்பது டின். பித்தளைப் பாத்திரத்துக்குள் நவச்சாரம் போட்டுப் பூசுவது அதைத்தான். உணவு அடைத்து வரும் இரும்பு டப்பாக்களின் உட்புறப் பூச்சும் அதுவே. உணவோடு சிறிது கலந்தாலும் உடல் அதைப் பெரும்பாலும் வெளியே தள்ளிவிடும். காரீயம் என்பது லெட். பேட்டரியில் இருப்பது, மீன் வலைக்குக் குண்டாகக் கட்டுவது. இது நஞ்சு. இன்ன அளவு வரை பாதுகாப்பு என்று சொல்ல இதற்கு ஓர் அளவே இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

போன ஆண்டு ஒரு கோயில் ஊரில் பாத்திரக் கடைக்குப் போயிருந்தேன். சொம்பைக் கையில் எடுத்து, "அண்ணே, இது வெள்ளீயமா, காரீயமா?" என்று கேட்டேன். "ஈயம்னா ஈயம்தாம்மா, எல்லாம் ஒண்ணுதான்" என்றார் கடைக்காரர். அவர் என்னை ஏமாற்ற நினைத்துச் சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை. அவருக்கே தெரியவில்லை. அதுதான் என்னை அதிகம் பயமுறுத்தியது.

சந்தையில் வெள்ளீயத்தின் விலை காரீயத்தைப் போலப் பத்து மடங்குக்கும் மேல். கலப்படம் செய்ய வேறு காரணம் தேவையில்லை. உருகுவதை வைத்தும் நாம் கண்டுபிடிக்க முடியாது. சுத்தமான வெள்ளீயம் 232 டிகிரி செல்சியஸில் உருகும். காரீயம் கலந்தால் அந்தக் கலவை அதற்கும் குறைந்த சூட்டிலேயே உருகும். ஆகவே "உருகுகிறது, அதனால் அசல் ஈயம்" என்ற கணக்கு செல்லாது. வெள்ளைக் காகிதத்தில் தேய்த்துப் பார்ப்பது ஒரு பழைய முறை. காரீயம் அதிகமாக இருந்தால் பென்சில் போலக் கருங்கோடு விழும். ஆனால் கோடு விழாததாலேயே சொம்பு சுத்தம் என்று ஆகிவிடாது. கொஞ்சமாகக் கலந்தது காகிதத்தில் தெரியாது. அங்கீகாரம் பெற்ற ஆய்வுக்கூடத்தின் சோதனைதான் கடைசி வார்த்தை. அந்தச் சொம்பில் நாம் ஊற்றுவதோ புளிக்கரைசலும் தக்காளியும். புளிப்பும் சூடும் சேர்ந்தால் உலோகம் எளிதாகக் கரைந்து உணவில் இறங்கும். என்னைக் கேட்டால், எங்கே வாங்கியது, எதில் செய்தது என்று தெரியாத ஈயச் சொம்பில் இனி ரசம் வைக்க வேண்டாம். சோதித்துப் பார்க்கும் வரை அது அலமாரியிலேயே இருக்கட்டும்.

காரீயம் இவ்வளவு கேடு செய்வது எப்படி? நம் உடல் அதைச் சுண்ணாம்புச் சத்து என்று நினைத்து ஏமாந்துபோகிறது. கால்சியம் போகும் வழியெல்லாம் அதுவும் போகிறது. எலும்பிலும் பல்லிலும் ஆண்டுக்கணக்கில் தங்குகிறது. கர்ப்ப காலத்தில் தாயின் எலும்பிலிருந்து கால்சியம் கரையும்போது காரீயமும் கூடவே கரைந்து வயிற்றுப் பிள்ளைக்குப் போகிறது. வயிற்றுக்குள் போகும் காரீயத்தைப் பெரியவர்களின் உடல் ஏற்பதைப் போல நான்கைந்து மடங்கு அதிகமாகச் சிறு குழந்தைகளின் உடல் ஏற்றுக்கொள்கிறது. இரும்புச் சத்தும் கால்சியமும் குறைந்த குழந்தையின் உடல் இன்னும் அதிகமாக இழுத்துக்கொள்ளும். சோகை பிடித்த குழந்தைகள் பலர் சுவரைச் சுரண்டித் தின்பார்கள், பல்பத்தைக் கடிப்பார்கள், மண்ணை வாயில் போடுவார்கள். அந்தச் சுவரில் பழைய காரீயப் பெயிண்ட் இருந்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள்.

பாதிப்பு உடனே வெளியே தெரிவதில்லை. காய்ச்சல் இல்லை, வாந்தி இல்லை. படிப்பில் கவனம் குறையும், கோபம் கூடும், வயிற்றுவலியும் மலச்சிக்கலும் வந்து போகும். பிள்ளை மந்தம் என்று ஆசிரியர் சொல்வார், நாம் பிள்ளையைத் திட்டுவோம். யுனிசெஃபும் பியூர் எர்த் அமைப்பும் சேர்ந்து 2020இல் வெளியிட்ட அறிக்கையின் கணக்குப்படி, உலகில் மூன்றில் ஒரு குழந்தைக்கு, ஏறக்குறைய 80 கோடிப் பேருக்கு, 100 மில்லி இரத்தத்தில் 5 மைக்ரோகிராமுக்கு மேல் காரீயம் இருக்கிறது. அவர்களில் சுமார் 27 கோடிப் பேர் இந்தியக் குழந்தைகள். 2000ஆம் ஆண்டிலேயே நம் நாட்டில் காரீயம் கலந்த பெட்ரோலை நிறுத்திவிட்டோம். புகையில் வந்தது நின்றது; சமையலறை வழியாக வருவது நிற்கவில்லை.

சமையலறையில் சொம்பு மட்டும் இல்லை. 2025 ஆகஸ்டில் அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் ஓர் எச்சரிக்கை விட்டது. இறக்குமதியான சில அலுமினியம், பித்தளைப் பாத்திரங்களிலிருந்தும், இண்டாலியம் என்றும் ஹிண்டாலியம் என்றும் விற்கப்படும் அலுமினியக் கலவைப் பாத்திரங்களிலிருந்தும் காரீயம் உணவில் இறங்கக்கூடும் என்றது. இண்டாலியம் சட்டி இல்லாத வீடு நம் ஊரில் அபூர்வம். எல்லா இண்டாலியமும் கெட்டது என்று இதற்கு அர்த்தமில்லை. கழிவு உலோகங்களை ஒன்றாகக் கொட்டி உருக்கி வார்க்கும் பட்டறையில் என்ன கலக்கிறது என்று யாருக்கும் தெரியாது என்பதே பிரச்சினை. எடை போட்டு விற்கும், பெயரோ முத்திரையோ இல்லாத சட்டியைத் தவிருங்கள். புளிக்குழம்பையும் ரசத்தையும் மண்சட்டிக்கோ எவர்சில்வருக்கோ மாற்றுங்கள். மண்சட்டியிலும் பளபளக்கும் பூச்சு பூசியது வேண்டாம், அந்தப் பூச்சிலும் காரீயம் இருக்கலாம்.

அடுத்தது மஞ்சள். இதை எழுதும்போது எனக்கு வருத்தம் அதிகம், ஏனென்றால் மஞ்சளில் தவறு ஏதும் இல்லை. லெட் குரோமேட் என்ற மஞ்சள் நிறமி இருக்கிறது, பெயிண்டுக்குப் போடுவது. மங்கிய விரலி மஞ்சளைப் பளபளப்பாகக் காட்ட அதைப் பூசி உருட்டுகிறார்கள். வங்கதேசத்தில் 1980களில் வெள்ளத்தில் நனைந்து நிறம் போன மஞ்சளை விற்க இந்த வழக்கம் தொடங்கியதாக ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். அங்கே கிராமத்துக் கர்ப்பிணிகளின் இரத்தத்தில் இருந்த காரீயம் எங்கிருந்து வந்தது என்று தேடிப்போனபோது அவர்கள் கடைசியில் வந்து நின்ற இடம் மஞ்சள்தான். 2019இல் அந்த நாட்டு அரசு எச்சரிக்கை விட்டது, சந்தையில் இறங்கிச் சோதனை போட்டது, வியாபாரிகளுக்கு அபராதம் விதித்தது. அந்த ஆண்டு சோதித்த மாதிரிகளில் 47 சதவீதம் கலப்படம். 2021இல் ஒன்றுகூட இல்லை. இரண்டே ஆண்டுகள்!

நம் பக்கம்? இந்தியா, பாகிஸ்தான், இலங்கை, நேபாளம் ஆகிய நாடுகளின் 23 நகரங்களில் வாங்கிய மஞ்சளைச் சோதித்து 2024இல் ஓர் ஆய்வு வெளியானது. 14 சதவீத மாதிரிகளில் ஒரு கிராமுக்கு 2 மைக்ரோகிராமுக்கு மேல் காரீயம் இருந்தது. பாட்னா, கராச்சி, பெஷாவர் நகரங்களில் கிடைத்த சில மாதிரிகளில் அது 1000த்தைத் தாண்டியது. நம் நாட்டின் சட்ட வரம்பு 10. பாட்னா நமக்குத் தொலைவுதான், ஆனால் வியாபாரத்துக்கு எந்த ஊரும் தொலைவு இல்லை. கண்ணைப் பறிக்கும் நிறத்தில் பாலிஷ் போட்ட விரலி மஞ்சளை விடுங்கள். மங்கலாக, மண் வாசனையோடு இருக்கும் மஞ்சளை வாங்கி, வெயிலில் காயவைத்து, தெரிந்த மில்லில் கண்ணெதிரே அரையுங்கள்.

பெயிண்டுக்குச் சட்டம் இருக்கிறது. வீட்டுக்கும் அலங்காரத்துக்கும் பயன்படும் பெயிண்டில் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் காரீயம் இருக்கக் கூடாது என்று மத்திய அரசு 2016இல் விதி செய்தது. 2017 நவம்பர் 1 முதல் அது நடப்பில் இருக்கிறது. அந்த வரம்புக்குள் இருக்கிறது என்று டப்பாவின் மேல் அச்சிட்டிருக்க வேண்டும். தொழிற்சாலைப் பெயிண்டுக்கு இந்த விதி இல்லை. அதனால் வீட்டு கேட்டுக்கும் கிரில்லுக்கும் தொட்டிலுக்கும் எனாமல் வாங்கும்போது டப்பாவைத் திருப்பி அந்த வரியைத் தேடுங்கள். 2017க்கு முன் அடித்த பழைய எனாமல் உரிந்தால் உலர்ந்த நிலையில் உப்புத்தாள் போட்டுத் தேய்க்க வேண்டாம். தூசு பறந்து தரையில் படியும், தவழும் பிள்ளையின் கை வழியாக வாய்க்குப் போகும். நனைத்துத் தேய்க்கச் சொல்லுங்கள். அந்த நாட்களில் குழந்தையையும் கர்ப்பிணியையும் வேறு வீட்டில் தங்கவையுங்கள்.

கண் மையிலும் குங்குமத்திலும்கூடக் காரீயம் இருக்கலாம்; இரண்டையும் முகவரி அச்சிடாத பாக்கெட்டில் வாங்காதீர்கள். பிறந்த குழந்தைக்குக் கண்ணுக்குள் மை தீட்டவே வேண்டாம். திருஷ்டிப் பொட்டு கன்னத்திலும் வைக்கலாம், பிள்ளையின் விரல் அங்கே எட்டி வாய்க்குப் போகும் என்பதால் வீட்டில் செய்த மையாக இருக்கட்டும். பேட்டரிப் பட்டறையிலோ பழைய இரும்புக் கடையிலோ வேலை செய்பவர் வீட்டுக்கு வந்ததும் குளித்து உடை மாற்றிவிட்டுப் பிள்ளையைத் தூக்கட்டும், அந்தத் துணியைத் தனியாகத் துவையுங்கள். பழைய இன்வெர்ட்டர் பேட்டரியைத் தெருவில் வருபவரிடம் போடாமல், விற்ற கடையிலேயே கொடுங்கள்.

உரிமைகளைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம்மில் பலர் இவை இருப்பதே தெரியாமல் இருக்கிறோம். உணவுப் பாதுகாப்பு, தரங்கள் சட்டம் 2006இன் 40ஆம் பிரிவு, வாங்கியவரே உணவுப் பொருளைப் பகுப்பாய்வாளரிடம் கொடுத்துச் சோதிக்க இடம் தருகிறது. வாங்கும்போதே கடைக்காரரிடம் "இதைச் சோதனைக்குக் கொடுக்கப் போகிறேன்" என்று சொல்லிவிட வேண்டும். கட்டணம் உண்டு, பொருள் தவறானது என்று தெரிந்தால் அது திரும்பக் கிடைக்கும். மஞ்சளில் சந்தேகம் வந்தால் தமிழ்நாடு உணவுப் பாதுகாப்புத் துறைக்கு 94440 42322 என்ற வாட்ஸ்அப் எண்ணில் படத்தோடு புகார் அனுப்பலாம். பொம்மைகளின் பெயிண்டிலும் காரீயம் இருக்கலாம்; அவற்றுக்கு 2021 ஜனவரி 1 முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். முத்திரைக்குப் பக்கத்தில் இருக்கும் உரிம எண்ணைப் 'பிஐஎஸ் கேர்' செயலியில் தட்டினால் அது உண்மையா என்று தெரிந்துவிடும்.

ஏமாந்துபோனால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் பேசுங்கள். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. ஐந்து லட்சம் ரூபாய் வரை விலை கொடுத்த பொருளுக்கு வழக்குக் கட்டணம் கிடையாது, வக்கீல் வைக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. பொருளில் குறை உண்டா என்று பார்க்க ஆணையமே அதை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பலாம். இரண்டு ஆண்டுகளுக்குள் போக வேண்டும், கையில் பில் இருக்க வேண்டும். பில் கேட்டு வாங்கும் பழக்கம் இல்லாதவர்களுக்கு இந்தச் சட்டம் பாதிதான் உதவும்.

பிள்ளையைப் பற்றிச் சந்தேகம் இருந்தால் மருத்துவரிடம் "இரத்தத்தில் காரீய அளவு பார்க்க வேண்டும்" என்று பெயர் சொல்லிக் கேளுங்கள், வழக்கமான இரத்தப் பரிசோதனையில் இது வராது. அளவு 100 மில்லி இரத்தத்தில் 5 மைக்ரோகிராமைத் தொட்டால் வீட்டில் மூலம் எது என்று தேடி அகற்ற வேண்டும். 45 மைக்ரோகிராமைத் தொட்டால் மருந்து கொடுத்து வெளியேற்ற வேண்டியிருக்கும். சட்டியை மாற்றாமல் மருந்து மட்டும் கொடுத்துப் பயனில்லை. முருங்கைக்கீரை, கேழ்வரகு, பால், நெல்லிக்காய் கொடுத்து இரும்பும் கால்சியமும் குறையாமல் பார்த்துக்கொண்டால் உடல் காரீயத்தை ஏற்பது குறையும். செருப்பை வாசலில் விடும் நம் வழக்கத்தைப் புது வீட்டிலும் கைவிடாதீர்கள். தரையை உலரப் பெருக்குவதற்குப் பதில் ஈரத்துணியால் துடையுங்கள், சாப்பிடும் முன் பிள்ளையின் கையைக் கழுவிவிடுங்கள்.

அடுத்த முறை ஈயச் சொம்பு வாங்கப் போனால், பில்லில் 'வெள்ளீயம், காரீயம் கலவாதது' என்று எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தர மறுக்கும் கடையில் வாங்காதீர்கள்.